பழமொழி வழியே இத்தாலி மொழி

இத்தாலியர் ஒருவர் தமிழ் கற்ற வரலாற்றை நாம் அனைவரும் அறிவோம். 1680-ஆம் ஆண்டு காஸ்திலியோனே என்னும் ஊரில் பிறந்த பெஸ்கி பாதிரியார், வீரமாமுனிவராகித் தேம்பாவணி பாடினார். 1732-இல் சதுரகராதி தந்தார். ஆனால் காஞ்சிபுரத்துப் பெண் ஒருத்தி இத்தாலி மொழி கற்க வேண்டுமானால் எங்கே போவாள்?

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் அக்காள் இப்பள்ளியில் பயின்றவர்தாம். கன்னியர் சபையில் சேர்ந்து, சென்ற ஆண்டு பயிற்சிக்காக இத்தாலி சென்றார். இரண்டாம் மாதம் தொலைபேசியில் அழுதார். "சாப்பாட்டு மேசையில் உப்புக் கேட்கக்கூட வாய் வரவில்லை. ஊமை போல இருக்கிறேன். திரும்பி வந்துவிடட்டுமா அம்மா?" என்றாராம். அவர் தாயார் தறியை நிறுத்திவிட்டார். வா என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. அன்று முழுவதும் தறி ஓடவில்லை என்று தோழி எங்களிடம் சொன்னாள்.

அங்கே சமையலறையில் இருந்த வயதான சகோதரி ஒருவர், அக்காளுக்கு நாளுக்கொரு பழமொழி சொல்லிக் கொடுக்கத் தொடங்கினார். அவை கடிதத்தில் எங்களுக்கும் வந்தன. மதிய இடைவேளையில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து நாங்களும் படித்தோம்.

முதலில் வந்தது, "கீ வா பியானோ, வா சானோ, எ வா லொந்தானோ." மெல்லப் போகிறவன் நலமாய்ப் போவான், நெடுந்தூரம் போவான் என்பது பொருள். நம் "பதறாத காரியம் சிதறாது" தான். இயைபு இருப்பதால் ஒரே நாளில் மனப்பாடமாயிற்று. இன்னொரு வேடிக்கை: இதைத் தமிழில் எழுதும்போது "னோ" என்று சுழித்த கொம்பு போடுகிறோம் அல்லவா? நெடிலுக்கு அந்தச் சுழியைத் தந்தவரே வீரமாமுனிவர்!

"த்ரா இல் தீரே எ இல் ஃபாரே" என்று இன்னொன்று. தீரே என்றால் சொல்லுதல், ஃபாரே என்றால் செய்தல். இரண்டுக்கும் நடுவே "மாரே", அதாவது கடல், இருக்கிறதாம். நமக்குத் "தல்" போல அவர்கள் வினைக்கு "ரே" என்பது விகுதி. கடலுக்கும் "ரே" வருவதால் அதையும் வினைச்சொல்லென்று வாதாடிய தோழியரும் உண்டு.

"எல்லா ச்சம்பெல்லாவும் ஓட்டையோடு வருவதில்லை" என்பதற்கு விளக்கமே தேவைப்படவில்லை. ச்சம்பெல்லா என்பது நடுவில் துளையுள்ள பலகாரம்; வடை தட்டியவர்களுக்குத் தெரியும். "அங்கி துறவியை உண்டாக்காது" என்பதைப் படித்தபோது எங்கள் சிஸ்டரே முதலில் சிரித்தார்கள்.

"துத்தோ இல் மோந்தோ எ பயேஸே", உலகமெல்லாம் ஒரே ஊர், என்பதைச் சங்கப் புலவர் பாட்டோடு ஒப்பிட எல்லாரும் விரும்புவார்கள். எங்களுக்கு அது அத்தனை பொருத்தமாகத் தோன்றவில்லை. எங்கும் மனிதர் குறை ஒன்றுதான் என்று அலுத்துக்கொள்ளும்போதே அதைச் சொல்கிறார்களாம். "வீட்டுக்கு வீடு வாசற்படி" என்பதே சரி.

எங்கள் ஊருக்கென்றே பிறந்தது போன்றதும் ஒன்றுண்டு. ஒருவருக்குத் தொல்லை கொடுப்பதை "முறுக்க நூல் கொடுத்தல்" என்கிறார்கள். பட்டு முறுக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தத் தொல்லை தெரியாதா? இத்தாலியிலும் கோமோ என்னும் பட்டு நகரம் இருக்கிறது.

பதிலுக்கு நாங்களும் அனுப்ப வேண்டாமா? ஆயாக்களிடம் கேட்டுத் திரட்டி, "காஞ்சிபுரம் போனால் காலாட்டிப் பிழைக்கலாம்" என்பதை முதலில் அனுப்பினோம். அங்குள்ள சகோதரிகள், காலாட்டுவது சோம்பேறித்தனம் அல்லவா என்று கேட்டார்களாம். உடனே அக்காள் எழுந்து, குழித்தறியில் அம்மா உட்காருவதையும், காலை மாற்றி மாற்றி மிதிப்பதையும், நாடா ஓடுவதையும், ஜரிகைக் கரையைக் கோர்வையில் சேர்ப்பதையும் இத்தாலி மொழியிலேயே சொன்னாராம். யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. பாவுக்கு மட்டும் சொல் தெரியாமல் மேசைவிரிப்பின் நூலைத் தொட்டுக் காட்டினாராம்.

அந்தக் கடிதத்தைத் தோழி தறியருகே நின்று இருமுறை படித்தாள். "இன்னும் நாலு பழமொழி எழுதிப் போடுங்கடி" என்றார் அவர் தாயார், நாடாவைக் கையிலெடுத்துக்கொண்டே.

பொதுத் தேர்வுக்கு எங்களுக்கு வந்திருக்கும் வாழ்த்து, "இன் போக்கா அல் லூப்போ", ஓநாயின் வாய்க்குள்! அதற்கு நன்றி சொல்லக்கூடாதாம். "கிரேப்பி", ஓநாய் சாகட்டும், என்றே பதில் சொல்ல வேண்டுமாம். கணக்குத் தேர்வன்று சொல்லிக்கொள்ள நாங்கள் ஒத்திகை பார்த்து வருகிறோம்.