இருபத்தோராம் நாள்

நியூசிலாந்தின் தென்கோடியில், ஃபோவோ நீரிணைக்கு அப்பால் கிடக்கும் ராக்கியூரா தீவுக்கென்று 2012இல் ஒரு தனிச் சட்டம் வந்தது. ஸ்டுவர்ட் தீவு என்பது அதன் மற்றப் பெயர். ஏறத்தாழ 1,750 சதுர கிலோமீற்றர் பரப்பு. குடியிருப்போர் நானூற்றுச் சொச்சம் பேர். ஊர் என்று சொல்ல ஓபான் ஒன்றுதான். ஆண்டுதோறும் பல்லாயிரம் பேர் வந்துபோகிற இடத்தின் இறங்குதுறைக்கும் நடைபாதைக்கும் கழிப்பறைக்கும் ஆகும் செலவை அந்த நானூறு பேரின் வரி தாங்காது. ஆகவே வருகிறவர்களிடம் ஒரு சிறு தீர்வை வாங்க அந்தச் சட்டம் வழிசெய்தது. 2013இல் 5 டொலரில் தொடங்கியது, பின்னர் உயர்ந்தது. என்னை யோசிக்க வைத்தது அந்தத் தொகையைவிட, வருகையாளர் யார் என்பதற்கு அந்தச் சட்டம் தரும் விளக்கம். தொடர்ந்து 21 நாளுக்குக் குறைவாகத் தங்குபவரே வருகையாளர். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது நம் கணக்கு. இந்தத் தீவு அதை மூன்று வாரமாக நீட்டி, சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறது.

புலம்பெயர்ந்து வந்த நமக்கு இது சும்மா கடந்துபோகக்கூடிய வரி அல்ல. வந்த நாட்டில் நாம் எப்போது விருந்தாளியாக இருப்பதை நிறுத்துகிறோம்? குடியுரிமைச் சான்றிதழ் கையில் கிடைத்த அன்றா, வீட்டுக்கடன் தொடங்கிய அன்றா? ஒக்லாந்தின் புறநகரில் இருபது ஆண்டு வாழ்ந்து, வேலைக்கும் கோயிலுக்கும் தமிழ்க் கடைக்கும் பிள்ளைகளின் வகுப்புக்கும் கார் ஓட்டியே அந்த ஆண்டுகளைக் கழித்த ஒருவருக்கு, குழாயில் வரும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமலே இருக்கலாம். தெரிய வேண்டிய தேவை அவருக்கு வருவதில்லை. நகரம் தன் தேவைகளை மறைத்து வைத்திருக்கிறது. தீவில் மறைக்க இடமில்லை. அதனால்தான் சொல்கிறேன்: இந்த நாட்டை அறிய விரும்பும் நம் இளையவர்களுக்கு, ஒரு கோடைப் பருவம் இப்படியொரு தீவின் பயணியர் ஹொஸ்டலில் சம்பளத்துக்கு வேலை செய்வதைவிட நல்ல வழி அதிகம் இல்லை. சம்பளத்துக்கு என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அந்த வேலை என்ன? கட்டில் விரிப்பும் தலையணை உறையும் மாற்றுவது, குளியலறையும் கழிப்பறையும் கழுவுவது, பொதுச் சமையலறையைத் துடைப்பது, குப்பையைப் பிரிப்பது, வருபவர்களைப் பதிந்து சாவி கொடுப்பது. எந்த ஹொஸ்டலிலும் இதுதான். ஆனால் ராக்கியூராவில் இந்த ஒவ்வொரு வேலைக்கும் பின்னால் தீவு நிற்கிறது. இங்கே குழாய்வழிப் பொது நீர் வழங்கல் கிடையாது. கூரையில் விழும் மழைதான் தொட்டியில் சேர்கிறது. மழைக்குப் பேர்போன இடத்திலும் ஆட்கள் நிறைந்த கோடையில் தண்ணீரைக் கணக்குப் பார்த்துத்தான் செலவழிக்க வேண்டும். நீளமாகக் குளிக்கும் விருந்தினர் தொட்டியைக் காண்பதில்லை. நாற்பது விரிப்பைத் துவைக்க வேண்டிய பணியாளர் காண்கிறார். மின்சாரம் உள்ளூராட்சி மன்றம் நடத்தும் டீசல் ஜெனரேற்றர்களிலிருந்து வருகிறது. அந்த டீசலும் கப்பலில்தான் வந்தாக வேண்டும் என்பதால் பெருநிலத்தைவிட விலை மிக அதிகம். விரிப்புகளைக் காற்றில் உலர்த்துவதா, உலர்த்தியில் போடுவதா என்ற கேள்விக்கு அங்கே டொலரில் பதில் உண்டு. பழம், பால், பாண், கழிப்பறைத் தாள் எல்லாம் நீரிணையைக் கடந்து வருகின்றன. குப்பை அதே நீரிணையைக் கடந்து திரும்பிப் போகிறது. பிளஃப் துறைமுகத்திலிருந்து படகுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம், இன்வர்கார்கிலிலிருந்து சிறு விமானத்துக்கு இருபது நிமிடம். காற்று மாறினால் இரண்டும் நின்றுவிடும். அன்றைக்குப் போக வேண்டியவர்கள் போக முடியாமலும் வர வேண்டியவர்கள் வர முடியாமலும் இருக்க, கட்டில் கணக்கைச் சரிக்கட்டுகிறவர் அந்த ஹொஸ்டல் பணியாளர். யாழ்ப்பாணத்தின் குறிகட்டுவான் துறையில் கடல் கொந்தளித்தால் என்ன ஆகும் என்று நெடுந்தீவுக்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒக்லாந்தில் பிறந்த அவருடைய பேரப்பிள்ளைக்கு அதை வேறெங்கே கற்பிப்பது?

சுற்றிப் பார்ப்பதும் இந்த வேலையோடு சேர்ந்தே நடக்கிறது. இரண்டு நாள் தங்க வருபவர் வானிலையைச் சீட்டுக் குலுக்கிப் பார்க்கிறார். மூன்று மாதம் இருப்பவர் நல்ல நாளுக்குக் காத்திருக்கலாம். தீவின் பெரும்பகுதி 2002இல் தேசியப் பூங்காவாயிற்று. வாகனச் சாலை சுமார் 28 கிலோமீற்றர்தான், மிச்சமெல்லாம் நடைதான். 32 கிலோமீற்றர் ராக்கியூரா பாதையை மூன்று நாள் விடுப்பில் முடித்துவிடலாம். வடமேற்குச் சுற்று 125 கிலோமீற்றர், சேறும் மரவேரும் நிறைந்தது, ஏறத்தாழ பத்து நாள் பிடிக்கும். பருவம் முடிந்த பிறகு வைத்துக்கொள்ள வேண்டியது. பாதை தொடங்கும் லீ விரிகுடாவில் ஒரு பெரிய சங்கிலிச் சிற்பம் கடலுக்குள் இறங்குகிறது. மாவ்ரி மரபில் தென் தீவு தொன்ம நாயகன் மாவுயியின் தோணி, ராக்கியூரா அதன் நங்கூரக் கல். அந்தச் சங்கிலியைப் படமெடுத்துப் போவோர் பலர். தோணியை நிறுத்தி வைத்திருப்பது இந்தச் சின்னத் தீவு என்று ஒரு மக்கள் கூட்டம் உலகத்தைப் பார்த்த விதம் மனதில் இறங்க, அதே இடத்துக்குப் பலமுறை போக வேண்டும்.

ஆனால் வேலையும் பார்வையும் மிக நெருக்கமாக ஒட்டிக்கொள்ளும் இடம் துடைப்பத்தின் நுனி. ராக்கியூராவில் கிவிப் பறவைகள் மனிதரைவிடப் பல மடங்கு அதிகம். அதற்குப் பெரிய காரணம், பெருநிலத்தில் குஞ்சுகளைத் தின்று தீர்க்கும் ஸ்டோட் என்ற மரநாய்ச் சாதி விலங்கு இந்தத் தீவில் ஒருபோதும் நிலைகொள்ளாதது. ஆனால் எலியும் பொசம் என்ற விலங்கும் வீடு விட்டுக் காடேறிய பூனைகளும் இருக்கின்றன. அந்தப் பூனைகள் என்ன செய்யும் என்பதற்குக் காகாப்போவின் கதை சாட்சி. பறக்காத அந்தப் பெருங்கிளி ஏறத்தாழ அழிந்தே போயிற்று என்றிருந்தபோது, 1977இல் இத்தீவின் தெற்கில் ஒரு கூட்டம் கண்டுபிடிக்கப்பட்டது. பூனைகள் அவற்றைக் கொன்றுகொண்டிருந்ததால் அவற்றையெல்லாம் பிடித்து வேறு தீவுகளுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. பக்கத்திலுள்ள சிறு தீவான உல்வா 1997இல் எலியற்றதென்று அறிவிக்கப்பட்டது. 2010இன் இறுதியில் எலி மீண்டும் வந்து, அடுத்த ஆண்டு மறுபடி ஒழிக்க வேண்டி வந்தது. ஒரு பொதியோ ஒரு படகோ போதும். ஆகவே சப்பாத்து அடியில் ஒட்டிய மண்ணைத் தட்டச் சொல்வதும், பைகளைத் திறந்து பார்த்து மூடச் சொல்வதும், உணவுத் துணுக்கை இரவுக்குள் கூட்டி அள்ளுவதும் சுத்தத்தோடு முடிகிற காரியங்கள் அல்ல. சூழலியல் பட்டதாரிகள் செய்யும் காப்பு வேலையின் மறுமுனையை அந்தச் சமையலறையைக் கூட்டுபவர் பிடித்திருக்கிறார்.

இதற்கு நம் வீடுகளில் எழும் முதல் மறுப்பு எனக்குத் தெரியும். அது வலுவான மறுப்பு, கேலிக்குரியது அல்ல. “நாங்கள் கோப்பை கழுவியது நீங்கள் கழுவாமல் இருக்கத்தான்.” பாரிசிலும் இலண்டனிலும் ரொறொன்ரோவிலும் உணவகங்களின் பின்கட்டில் நின்று ஒரு தலைமுறை தன் முதுகை வளைத்தது. படித்த பிள்ளை தானாகவே போய்க் கழிப்பறை கழுவினால் அந்தப் பாடு வீணானதாக அவர்களுக்குத் தோன்றுவது இயல்பு. நான் இரண்டு பதில் சொல்வேன். வேறு வழியில்லாமல் செய்த வேலையின் வலி, அந்த வேலையில் பாதி, வழியின்மையில் பாதி. அகதி விண்ணப்பம் என்ன ஆகுமோ என்ற அச்சமும் ஊரில் இருந்தோரைப் பற்றிய ஏக்கமும் கோப்பைகளோடு சேர்ந்தே கழுவப்பட்டன. போகவும் விடவும் உரிமையுள்ள பிள்ளை அதே தொட்டியில் கை வைக்கும்போது அந்தப் பாதி அங்கே இல்லை. மற்றது, எனக்கு இன்னும் முக்கியமானது: பின்கட்டில் நின்றவர்கள் அந்த நாடுகளை நம்மைவிட நன்றாக அறிந்திருந்தார்கள். எந்த முதலாளி கணக்கில் நேர்மையானவர், அந்த ஊர் எதை எறிகிறது, எதை மிச்சம் பிடிக்கிறது, யாரை மரியாதையாக அழைக்கிறது, யாரை அழைப்பதே இல்லை என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். வீட்டையும் படிப்பையும் பிள்ளைகளுக்குத் தந்தவர்கள், அவமானம் என்று கருதி இந்த அறிவை மட்டும் தராமல் வைத்துக்கொண்டார்கள். அது இழப்பு.

மூன்று மாதம் வேலை செய்தால் தீவுக்காரர் ஆகிவிட முடியுமா என்று கேட்கலாம். முடியாது. பருவப் பணியாளர் வீட்டுத் தட்டுப்பாட்டைக் கூட்டவும் கூடும்: தென்பகுதியில் கிரிப் என்று அழைக்கும் விடுமுறை வீடுகள் ஆண்டின் பெரும்பகுதி பூட்டிக் கிடக்க, வேலைக்கு வருபவர் தங்க இடம் தேடுவது இத்தகைய ஊர்களின் பழைய நோய். பணியாளருக்கு ஹொஸ்டலே தங்குமிடம் தருவது அந்த அளவில் நல்லது. எத்தனை ஆண்டு இருந்தாலும் திறக்காத கதவுகளும் உண்டு. ஏப்ரல் 1 முதல் மே 31 வரை ராக்கியூரா மாவ்ரிக் குடும்பங்கள் சுற்றியுள்ள சிறு தீவுகளுக்கு டீட்டீ என்ற கடற்பறவையின் குஞ்சு பிடிக்கப் போவார்கள். 1864இல் முடியரசு 6,000 பவுணுக்கு ராக்கியூராவை வாங்கியபோதும் அவர்கள் கைவிடாத உரிமை அது. வழித்தோன்றல் உறவால் மட்டுமே வருவது. அந்தக் குடும்பங்கள் பொருட்களை ஏற்றிப் புறப்படும் காலத்தில், ஹொஸ்டலின் கடைசி விரிப்புகளை மடித்துக்கொண்டிருக்கும் நம் பிள்ளை தனக்கு அங்கே இடமில்லை என்பதை அறியும். நிலத்தைப் பறிகொடுத்த கதையைச் சுமந்து வந்த நமக்கு, இன்னொருவர் தம் நிலத்தில் பறிகொடுக்காமல் வைத்திருப்பதைக் கண்டு ஒதுங்கி நிற்கத் தெரிவது மிகப் பெரிய பாடம்.

இனி சம்பளம். “நாளுக்குச் சில மணி வேலை, பதிலுக்கு இலவசக் கட்டில்” என்ற ஏற்பாடு உலகெங்கும் ஹொஸ்டல்களில் உண்டு. அதைப் பண்டமாற்று என்றும் அனுபவம் என்றும் அழகாகச் சொல்வார்கள். நியூசிலாந்துச் சட்டம் அதை வேறு விதமாகப் பார்க்கிறது. 1983ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தின்படி, ஒப்பந்தத்தில் வேறு தொகை குறிக்கப்படாவிட்டால், தங்குமிடத்துக்காகக் குறைந்தபட்சச் சம்பளத்தில் 5 வீதத்துக்கு மேல் கழிக்கக் கூடாது. உணவும் சேர்ந்தால் 15 வீதம். ஏப்ரல் 2025இல் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 23.50 டொலராக இருந்தது. அந்தக் கணக்கில் வாரம் 40 மணிக்கு 940 டொலர். அதில் கட்டிலின் மதிப்பு 47 டொலர், அதாவது சரியாக இரண்டு மணி நேர வேலை. அந்தக் கட்டிலுக்காக வாரம் இருபது மணி உழைக்க வைப்பது எந்தக் கணக்கிலும் சேராது. அப்படி வேலை வாங்கும் ஹொஸ்டல், சம்பளத்துக்கு வர விரும்பும் உள்ளூர் ஆளின் கூலியையும் கீழே இழுக்கிறது. குடிவரவுச் சட்டமும் உணவு, தங்குமிடம் உள்ளிட்ட எந்தப் பயனுக்காகச் செய்வதையும் வேலை என்றே எண்ணுகிறது. சுற்றுலா விசாவில் வந்தவர் கட்டிலுக்காக விரிப்பு மாற்றினால் விசா விதியை மீறியவராகிறார். ஏமாற்றப்பட்டால் முறையிட அஞ்சுவார். விடுமுறைக்கால வேலை விசா இருக்கிறதே என்பார்கள். மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் அந்த ஏற்பாடு உண்டு, இலங்கைக்கு இல்லை. ஒரே மொழி பேசும் இரண்டு இளைஞரில் ஒருவருக்குக் கதவு திறப்பதும் மற்றவருக்குத் திறக்காததும் அவர்கள் பிறந்த துறைமுகத்தைப் பொறுத்ததாக இருக்கிறது. இந்த அநீதியை என் வாதம் தீர்க்காது. இங்கேயே குடியுரிமையோடு வளர்ந்த பிள்ளைகளுக்குத் திறந்திருக்கும் கதவை நாமே மூடிவிடக் கூடாது என்பதுதான் நான் சொல்லக்கூடியது.

எனவே பல்கலைக்கழகம் மூடும் நவம்பரில் மகளோ மகனோ ராக்கியூராவுக்குப் போகிறேன் என்றால், “ஏன் அந்த வேலை?” என்பதை விட்டுவிட்டு வேறு கேள்விகள் கேட்கலாம். ஒப்பந்தம் எழுத்தில் இருக்கிறதா? மணிக்கு எவ்வளவு, கட்டிலுக்கு எவ்வளவு கழிப்பார்கள்? 8 வீத விடுமுறைக் கொடுப்பனவு சம்பளத்தோடு வருமா, கடைசியிலா? வாரத்தில் தொடர்ந்து இரண்டு நாள் ஓய்வு உண்டா? மழைக்கோட்டு நல்லதாக வாங்கினாயா?