சும்மா நிக்கிற காரும் சத்தமில்லாம சாகிற பாட்டரியும்

டில்லிக்கு வந்து பதினேழு வருஷம் ஆச்சு. ஆபீசுக்கு மெட்ரோ, காய்கறிக்கு வாசல்லயே வர்ற தள்ளுவண்டி, மத்ததுக்கெல்லாம் போன்ல ஆர்டர். அப்புறம் கார் எதுக்குன்னு கேட்டா கொஞ்சம் யோசிச்சுத்தான் பதில் சொல்லணும். மாசத்துக்கு ஒரு ஞாயிறு ஆர்.கே.புரம் மலை மந்திர், வருஷத்துக்கு நாலு தடவை ஏர்போர்ட். மீதி நாள்ல காலனி வாசல்ல தூசியைப் போர்த்திக்கிட்டு நிக்கும். "இது கார் இல்ல, காக்கா உட்கார்றதுக்கு நாம இன்சூரன்ஸ் கட்டுற மேடை" - இது தங்கமணியோட கருத்து :-)

வெளியூர்ல இருக்கிற நம்ம ஆளுங்க நிறைய பேருக்கு இந்த மாதிரி கார் ஒண்ணு இல்ல, ரெண்டு உண்டு. ஒண்ணு இங்க. இன்னொண்ணு ஊர்ல, அப்பா அம்மா வீட்டுப் போர்டிகோவுல. நாம லீவுக்குப் போனா குலதெய்வம் கோவிலுக்கு ஒரு தடவை, கல்யாணத்துக்கு ஒரு தடவை ஓடும். மத்தபடி அதுவும் ஓய்வூதியர்தான். ரெண்டுக்குமே ஒரே வியாதி. சாவியைத் திருப்பினா 'டக்... டக்...'. அவ்வளவுதான்.

ஓடாத வண்டியில பாட்டரி ஏன் இறங்குது? சாவியை எடுத்துட்டாலும் கார் முழுசா தூங்குறதில்ல. கடிகாரம், அலாரம், ரிமோட் சாவிக்காகக் காத்துக்கிட்டிருக்கிற ரிசீவர், எஞ்சின் கம்ப்யூட்டர் எல்லாம் சொட்டுச் சொட்டா கரண்ட் குடிச்சுக்கிட்டே இருக்கும். நல்ல நிலைமையில இருக்கிற வண்டியிலயே 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரைக்கும் இது சகஜம். 30 மில்லி ஆம்பியர்னு வச்சுக்குவோம். ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர்-ஹவர். மாசத்துக்கு 21க்கு மேல. சின்ன காருங்கள்ல வர்றது பெரும்பாலும் 35 ஆம்பியர்-ஹவர் பாட்டரி. ஆக, ஒரு மாசம் சும்மா நின்னா பாதிக்கு மேல காலி. ஜிபிஎஸ் டிராக்கர், டேஷ் கேமரான்னு எதையாவது கூடுதலா மாட்டியிருந்தா இன்னும் சீக்கிரம்.

2020 மார்ச் 25 அன்னிக்கு லாக்டவுன் ஆரம்பிச்சப்ப இதை நாடே சேர்ந்து பரிசோதனை பண்ணிப் பார்த்துச்சு. முதல்ல 21 நாள்னாங்க, அப்புறம் மே கடைசி வரைக்கும் நீட்டிட்டாங்க. ஜூன்ல எங்க காலனியில வண்டியை எடுக்க வந்தவங்கள்ல பாதிப் பேர் பானட்டைத் திறந்து வச்சுக்கிட்டு ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கிட்டு நின்னாங்க. மாஸ்க் வேற போட்டிருந்ததால கண்ணு மட்டும்தான் தெரிஞ்சுது.

டில்லிக் குளிர் தனிக் கதை. ஜனவரியில காலையில மூணு நாலு டிகிரின்னா, பாட்டரிக்குள்ள ரசாயன வேலை மந்தமாயிடும். எஞ்சின் ஆயிலும் கெட்டியாகி, சுத்துறதுக்குக் கூட பலம் கேட்கும். கொடுக்கிறவன் கை சுருங்கும்போதுதான் கேட்கிறவன் கை நீளுது. ஆனா பாட்டரியைக் கொல்றது குளிர் இல்ல, வெயில்தான். மே, ஜூன் 45 டிகிரியில உள்ளே தகடுகள் அரிச்சுப் போயிருக்கும். அந்தக் குட்டு வெளிப்படுறது குளிர்ல. கும்பகோணத்துக்கு அந்தக் குளிர் இல்ல, ஆனா வருஷத்துல பாதி நாள் வெயில். அதனால அங்கயும் பாட்டரிக்கு ஆயுசு கெட்டி கிடையாது.

இனிமே கும்பகோணத்துக் கார் கதை.

அது அப்பா ரிட்டயர் ஆன பிறகு வாங்கினது. தபால் இலாகாவுல 34 வருஷம் சைக்கிள்லயும் பஸ்லயும் போய் வந்தவர், அறுபத்தஞ்சு வயசுல டிரைவிங் கத்துக்கிட்டு லைசென்ஸ் எடுத்தார். இப்ப 78. கண்ணுல கிளகோமா. பக்கவாட்டுப் பார்வை குறைஞ்சு போச்சு, இனிமே ஓட்டக் கூடாதுன்னு டாக்டர் 2022ல சொல்லிட்டார். மறுபேச்சுப் பேசாம ஓட்டுறதை நிறுத்திட்டார். ஆனா விக்க மட்டும் ஒத்துக்கல.

"டேய், ராத்திரியில உங்கம்மாவுக்கு மூச்சு முட்டுச்சுன்னா நான் யார் வாசல்ல போய் நிக்கிறது?"

அம்மாவுக்கு வீசிங் உண்டு. பக்கத்துத் தெருவுல ஒரு டிரைவர் தம்பி, கூப்பிட்டா எந்நேரமும் வருவார். ஆளும் இருக்கு, வண்டியும் இருக்குன்னு அப்பா தைரியமா இருந்தார். நானும்தான்.

2023 நவம்பர்ல ஒரு நாள் ராத்திரி ரெண்டு மணிக்குப் போன் வந்துச்சு. நல்ல மழை. அம்மாவுக்கு மூச்சுத் திணறல், நெபுலைசருக்கும் அடங்கல. டிரைவர் தம்பி பத்து நிமிஷத்துல வந்துட்டார். வண்டி 'டக்'னு சொல்லிட்டு நின்னுடுச்சு. தீபாவளிக்கு அப்புறம் யாரும் எடுக்கல, நாலு வருஷத்துப் பாட்டரி வேற. அந்த மழையில தம்பியும் எதிர்வீட்டுப் பையனும் தள்ளிப் பார்த்தாங்க, நடக்கல. கடைசியில தெருக்கோடியில ஒரு ஆட்டோக்காரரை எழுப்பி, தார்ப்பாயை இறக்கிவிட்டு அம்மாவைக் கூட்டிட்டுப் போனாங்க. போன்ல ஒவ்வொரு சத்தமா கேட்டுக்கிட்டே ரெண்டாயிரம் கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருந்தேன். ஆக்சிஜன், ஊசி, ரெண்டு நாள் படுக்கை. அம்மா நல்லபடியா வீடு திரும்பிட்டாங்க.

அப்பாதான் திரும்பல, அதாவது பழைய அப்பா. "என் வண்டி கைவிட்டுடுச்சுடா"ன்னு ஒரு வாரத்துக்கு அதையே சொல்லிக்கிட்டிருந்தார். விக்கலாமான்னு அவரே கேட்டார். அந்தக் குரலைக் கேட்ட பிறகு, விக்கிறதா வேண்டாமாங்கிறது அப்புறம், முதல்ல இந்தப் பாட்டரி விஷயத்தை ஒழுங்கு பண்ணுவோம்னு தோணுச்சு. லீவு போட்டுட்டு ஊருக்குப் போனேன். புதுப் பாட்டரி ஒண்ணு வாங்கினோம், எக்ஸ்சேஞ்ச் போக நாலாயிரத்துச் சொச்சம். அப்ப அங்க ஏற்படுத்தின வழக்கம் இன்னிக்கு வரைக்கும் நடக்குது. உங்களுக்கும் உதவும்னு விவரமாவே சொல்றேன்.

முதல்ல ஒரு மல்டிமீட்டர். எலக்ட்ரிக்கல் கடையில முன்னூறு, நானூறு ரூபாய்க்குக் கிடைக்கும். டிசி 20 வோல்ட்ல வச்சு, சிவப்பைப் பிளஸ்லயும் கறுப்பை மைனஸ்லயும் தொட்டா போதும். காலையில, வண்டியை ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி பார்க்கணும். 12.6 இருந்தா முழு வயிறு. 12.4ன்னா முக்கால். 12.2ன்னா பாதி. 12.0க்கு வந்துட்டா உடனே சார்ஜ் போடணும். 'பன்னெண்டு வோல்ட் பாட்டரியில பன்னெண்டு இருக்கே, அப்புறம் என்ன?'ன்னு நிறைய பேர் நினைப்பாங்க. பன்னெண்டுங்கிறது கிட்டத்தட்டக் காலி வயிறு. அப்படியே வாரக்கணக்கா விட்டா தகட்டுல படியிற லெட் சல்ஃபேட் இறுகிப் போய், அப்புறம் எவ்வளவு சார்ஜ் பண்ணாலும் பழைய பலம் வராது. வண்டி ஓடும்போது 13.8லருந்து 14.4க்குள்ள காட்டணும். காட்டலைன்னா கோளாறு பாட்டரியில இல்ல, ஆல்டர்னேட்டர் பக்கம் பார்க்கணும்.

ரெண்டாவது, வாரம் ஒரு ஓட்டம். "தினம் அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வச்சா போதும் சார்"னு சொல்றவங்க எல்லா ஊர்லயும் இருக்காங்க. கணக்குப் போட்டா அது எடுபடாது. ஒரு வாரத்துல கசியிறது சுமார் 5 ஆம்பியர்-ஹவர். நின்ன இடத்துல உறுமுற எஞ்சின் அஞ்சு நிமிஷத்துல அதுல பத்துல ஒரு பங்கு திருப்பிக் கொடுத்தாலே பெரிசு. ஆயிலும் சூடாகாது, சைலன்சர்ல தண்ணி கோத்துக்கும். மூடின ஷெட்டுக்குள்ள ஓட விட்டா கார்பன் மோனாக்சைடு ஆளையே காலி பண்ணிடும், வயசானவங்க இருக்கிற வீட்டுல இதை அழுத்திச் சொல்லணும். ரோட்டுல முக்கால் மணி நேரம் ஓடணும். அதனால சனிக்கிழமை காலையில டிரைவர் தம்பி வருவார், அப்பா முன் சீட்டுல உட்காருவார், அம்மா பின்னாடி. பாபநாசம் வரைக்கும் போய், ஒரு காபி குடிச்சுட்டுத் திரும்புறது.

மூணாவது, ஓட்ட ஆளே இல்லாத காலத்துக்கு. அவங்க ரெண்டு பேரும் டில்லிக்கு வந்து மாசக்கணக்குல தங்கும்போது மைனஸ் டெர்மினலைக் கழட்டி வச்சுடணும். பத்து-பதினொண்ணு ஸ்பேனர் போதும். கழட்டும்போது மைனஸ் முதல்ல, மாட்டும்போது மைனஸ் கடைசியில. காரணம் இருக்கு. காரோட பாடி முழுக்க மைனஸ்தான். பிளஸ்ஸைக் கழட்டும்போது ஸ்பேனர் பாடியில பட்டா பெரிய பொறி பறக்கும். கழட்டினா கடிகாரம் மறந்து போகும், சென்ட்ரல் லாக் வேலை செய்யாது, கதவைச் சாவி போட்டுத்தான் பூட்டணும். சிக்னல்ல தானா அணைஞ்சு ஏத்திக்கிற புது மாடல் வண்டிகளுக்குப் பாட்டரி வகையே வேற, அதுக்கு மட்டும் மெக்கானிக்கைக் கேட்டுட்டுக் கை வைங்க.

போர்டிகோவுல பிளக் பாயிண்ட் இருந்தா, பாட்டரி நிறைஞ்சதும் தானா குறைச்சுக்கிற ஸ்மார்ட் சார்ஜர் மாட்டி விடலாம். தனி வீட்டுல இது சுலபம். டில்லியில மூணாவது மாடியிலருந்து வயர் விட்டா காலனி செக்ரட்டரி வந்து நிப்பார் :-)

நாலாவது, சுத்தம். டெர்மினல்ல வெள்ளையும் பச்சையுமா பூத்திருந்தா, இணைப்பைக் கழட்டிட்டு, வெந்நீர்ல சமையல் சோடா கலந்து பழைய பிரஷ்ஷால தேய்ச்சு, துடைச்சு, மாட்டின பிறகு கொஞ்சம் வாசலின் தடவுங்க. மூடி திறக்கிற பாட்டரின்னா டிஸ்டில்ட் வாட்டர் மட்டும்தான். குழாய்த் தண்ணியும் கூடாது, ஆர்ஓ தண்ணியும் கூடாது. உள்ள இருக்கிறது கந்தக அமிலம், கண்ணுக்குப் பாதுகாப்பு வேணும்.

கடைசியா, அவசரத்துக்கு ஜம்பர் கேபிள். சிவப்பு முதல்ல செத்த பாட்டரியோட பிளஸ்ல, மறு முனை நல்ல பாட்டரியோட பிளஸ்ல. கறுப்பு நல்ல பாட்டரியோட மைனஸ்ல, அதோட மறு முனை செத்த பாட்டரியில இல்ல, அந்த வண்டி எஞ்சின்ல பெயிண்ட் இல்லாத ஒரு இரும்புல. பாட்டரி பக்கத்துல ஹைட்ரஜன் வாயு இருக்கலாம், அங்க பொறி வேண்டாம். இந்த வரிசையை அப்பா தன் முத்து முத்தான கையெழுத்துல எழுதி டிக்கி மூடிக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கார்.

விஷயம் அதோட நிக்கல. சனிக்கிழமை காலை ஆறரைக்கு, வண்டி எடுக்கிறதுக்கு முன்னாடி, அப்பா மீட்டரை வச்சுப் பார்த்து ஒரு நீளநோட்டுல தேதி போட்டுக் குறிச்சு வைக்கிறார். எனக்கு வாட்ஸப்ல நம்பர் மட்டும் வரும். 12.5. 12.6. ஒரு தடவை 12.3ன்னு வந்துச்சு. கீழே, 'டிக்கி விளக்கு அணையவில்லை. சுவிட்ச் மாற்றப்பட்டது'ன்னு ஆபீஸ் தமிழ்ல ஒரு குறிப்பு. ஏழு மணி வரைக்கும் நம்பர் வரலைன்னா நான் போன் பண்ணிடுவேன். பாட்டரிக்காக மட்டும் இல்லங்கிறது அவருக்கும் தெரியும், ரெண்டு பேரும் அதைப் பேசிக்கிறதில்ல.

தங்கமணி ஒரு நாள் கணக்குப் போட்டாங்க. இன்சூரன்ஸ், டிரைவர் தம்பிக்கு வாரா வாரம் கொடுக்கிறது, பெட்ரோல், மூணு நாலு வருஷத்துக்கு ஒரு பாட்டரி. இதுக்குப் பதிலா வேணும்போது டாக்சி வச்சுக்கிட்டா பாதிகூட ஆகாது. கணக்குல ஒரு பைசா தப்பில்ல. "ஆனா மாமா சனிக்கிழமை ஷேவ் பண்ணிக்கிட்டு, இஸ்திரி சட்டை போட்டுக்கிட்டு கிளம்புறாரே, அதை எந்த வரியில எழுதுறது?"ன்னு அவங்களே பேப்பரை மடிச்சு வச்சுட்டாங்க.

எல்லா வீட்டுக்கும் இது பொருந்தாது. வாரம் ஒரு தடவை எடுக்க ஆள் இல்லைன்னா, பெத்தவங்களுக்கு அது பாரம்னா, வித்துடுறதுதான் நல்லது. ஆனா 'அவசரத்துக்கு'ன்னு ஒரு கார் வச்சிருந்தா, அது அவசரத்துக்குக் கிளம்பணும். அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது மைசூர்பாக் டப்பா பக்கத்துல ஒரு மல்டிமீட்டரும் வச்சுக்கோங்க. பாட்டரி மேல தேதி இருக்கும், வருஷத்தைப் பாருங்க. நாலு தாண்டியிருந்தா மழைக்காலம் வர்றதுக்கு முன்னாடி மாத்திடுங்க.