ஒன்பது மணிக்கு அழைத்த குரல்



சைதாப்பேட்டைக் கடைவீதியில் அந்தி சாய்ந்தபின் நடந்து செல்வோர் ஒரு காட்சியைக் காணாதிருக்க இயலாது. பூட்டிய கடையின் படிக்கட்டில் நான்கைந்து இளைஞர் அமர்ந்திருப்பர். ஒருவர் முகத்தை ஒருவர் நோக்குவதில்லை. அனைவர் கண்களும் கைப்பேசியிலேயே நிலைத்திருக்கும். திடீரென்று ஒருவன், "டேய், பின்னால வர்றான், திரும்புடா!" என்று கூவுவான். வழிப்போக்கர் திடுக்கிட்டுத் தம் முதுகுப்புறம் திரும்பிப் பார்ப்பர். நாமும் ஒருமுறை அவ்வாறு திரும்பிப் பார்த்ததுண்டு.

2019-ஆம் ஆண்டின் தவக்காலம். அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில், குசராத்து மாநிலத்து ராஜ்கோட் நகரக் காவல்துறையினர் 'பப்ஜி' என்னும் கைப்பேசி ஆட்டத்துக்குத் தடை விதித்து, ஆடிய இளைஞர் சிலரைக் கைதும் செய்திருந்தனர். அச்செய்தியைக் கையிலெடுத்துக்கொண்டு, ஞாயிறு திருப்பலியில் நாம் கடுமையாகவே பிரசங்கித்தோம். துப்பாக்கியை விளையாட்டாகப் பிடிக்கும் கை செபமாலையை எவ்வாறு பிடிக்கும் என்று வினவினோம். பூசை முடிந்ததும் தாய்மார் பலர், "நல்லாச் சொன்னீங்க, ஃபாதர்!" என்று பாராட்டிச் சென்றனர். ஆனால், ஒருகாலத்தில் பீடச் சிறுவராய் நம்மருகே நின்ற நால்வருள் ஒருவன் அதன்பின் கோவிலுக்கு வரவில்லை. மனச்சாட்சி உறுத்தியிருக்கும் என்று எண்ணி நாமும் வாளாவிருந்துவிட்டோம்.

மூன்றாண்டுகள் கழித்து, திருமுழுக்குச் சான்றிதழ் ஒன்று வேண்டி அவன் பங்கு அலுவலகத்துக்கு வந்தான். மீசை அரும்பி, ஆள் வளர்ந்திருந்தான்.

"தம்பி, அந்த ஆட்டம் இன்னும் உண்டா?" என்று கேட்டோம்.

"விட்டுட்டேன், ஃபாதர்."

பிரசங்கம் பலன் தந்ததென்று நம் உள்ளம் சிறிது பூரித்தது. அதனை முகத்திலேயே கண்டுகொண்டான் போலும். மெல்லச் சிரித்து, "அதுக்காக இல்ல, ஃபாதர்" என்றான். அன்று ஒரு மணி நேரம் அவன் சொல்லக் கேட்டதையே இங்கு எழுதுகின்றோம்.

முதலில் ஆட்டத்தின் இயல்பு. நூறு பேர் வான்குடை கட்டிக்கொண்டு ஒரு தீவில் குதிக்கின்றனர். கிடைக்கும் ஆயுதங்களைப் பொறுக்கிக்கொண்டு ஒருவரையொருவர் வீழ்த்துகின்றனர். நிற்பதற்குரிய நிலப்பரப்பு சிறிது சிறிதாகச் சுருங்கிக்கொண்டே வரும். ஏறத்தாழ அரைமணி நேரத்தில் எஞ்சி நிற்பவர் வெற்றி பெறுவர். தனியாகவும் ஆடலாம், நால்வர் ஓர் அணியாகச் சேர்ந்து, காதில் ஒலிக்கருவி மாட்டிப் பேசிக்கொண்டும் ஆடலாம். இந்தப் பிந்திய முறையிலேதான் நம் நால்வர் ஆடினர்.

ஏன் ஆடினர்? 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோது சைதாப்பேட்டைக் கரையோர வீடுகள் நீரில் மூழ்கியதை வாசகர் அறிவர். அதன்பின் வந்த ஆண்டுகளில் கரையோரக் குடும்பங்கள் பல, நகரின் தென்கோடியில் உள்ள பெரும்பாக்கம் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு மாற்றப்பட்டன. நால்வருள் இருவர் குடும்பங்கள் அவ்வாறு சென்றன; இவன் குடும்பம் அவற்றுள் ஒன்று. மற்ற இருவர் இங்கேயே இருந்தனர். பேருந்தில் வந்துபோக அரைநாள் கழிந்துவிடும். கையில் காசும் இல்லை.

"ராத்திரி ஒன்பது மணிக்கு நாலு பேரும் உள்ள வந்துடுவோம், ஃபாதர். சுடறதவிடப் பேசறதுதான் அதிகம். இவன் ஸ்கூல்ல என்ன நடந்துச்சு, அவன் அக்கா கல்யாணம் என்னாச்சு, எல்லாம் அங்கதான்."

கரையோரத்துத் தெருவை இழந்த சிறுவர், யாரும் காலி செய்யச் சொல்லாத ஒரு தீவைக் கண்டுபிடித்திருந்தனர். நாமோ அதனைக் கொலைக்களம் என்று பிரசங்கித்தோம்.

பலர் கூடி ஆடும் இத்தகைய கணினி உலகம் புதிதன்று. 1978-இலேயே இங்கிலாந்தின் எசெக்சு பல்கலைக்கழக மாணவர் இருவர், படமே இல்லாமல் எழுத்தால் மட்டும் ஆடத்தக்க ஒன்றை அமைக்கத் தொடங்கினர். அவ்விருவருள் ஒருவரான ரிச்சர்டு பார்ட்டில், ஆட வருவோரை 1996-இல் நான்கு வகையாகப் பிரித்தார்: பட்டமும் புள்ளியும் தேடுவோர், புதிய இடங்களைத் துருவி ஆராய்வோர், பிறரோடு பழக வருவோர், பிறரைத் துன்புறுத்தி மகிழ்வோர். நம் பையன் மூன்றாம் வகையினன். வெளியே நின்று பார்த்த நமக்கு அனைவரும் நான்காம் வகையினராகவே தோன்றினர்.

ஆட்டத்தை நடத்துவோரும் மனித உள்ளத்தை நன்கறிந்தவர்கள். நாள்தோறும் தலைகாட்டினால் ஒரு பரிசு; ஒவ்வொரு பருவம் முடியும்போதும் ஏறிய தரம் சற்று இறக்கப்படும், மீண்டும் ஏறவேண்டும்; காசு கொடுத்து வாங்கிய உடைகளை விட்டுச்செல்ல மனம் வராது. இவையெல்லாம் கட்டிவைக்கும் கயிறுகளே. ஆயினும், "நான் பாதியில போனா மத்த மூணு பேரும் தோத்துடுவாங்க, ஃபாதர்" என்றானே, அக்கயிறு எல்லாவற்றினும் வலிது. இரவு உணவுக்குத் தாய் பத்துமுறை அழைத்தும் பிள்ளை எழாததன் காரணம் பெரும்பாலும் இதுவே.

அவ்வாறாயின், எவ்வாறு விட்டான்? 2020 செப்டம்பர் 2-ஆம் நாள் நடுவணரசு 118 செயலிகளுக்குத் தடை விதித்தது. பப்ஜியும் அவற்றுள் ஒன்று. அக்டோபர் 30-ஆம் நாள் இந்தியாவில் அவ்வாட்டம் அடியோடு நின்றது. அடுத்த ஆண்டு சூலையில் அதே ஆட்டம் வேறு பெயரோடு வந்தது. பழைய கணக்கையும் உடைமைகளையும் அதற்கு மாற்றிக்கொள்ளவும் இடமளித்தனர். இவனும் ஆவலோடு நுழைந்தான். உடைமைகள் இருந்தன, நண்பர்கள் இல்லை. ஒருவன் பெருந்தொற்றுக் காலத்தில் தந்தை வேலையிழந்ததால் இரவுப் பணிக்குச் சென்றிருந்தான். ஒருவனது கைப்பேசி பழுதாகிவிட்டது. மற்றவனுக்கு ஆர்வம் போய்விட்டது. இவன் ஒன்பது மணிக்குத் தனியே காத்திருந்தான். முன்பின் அறியாத மூவரோடு ஆடினான். தோற்றபோது அவர்கள் இவன் தாயை இழித்துப் பேசினர். ஒரே வாரத்தில் விட்டுவிட்டான்.

அரசின் தடை ஆட்டத்தை நிறுத்திற்று. நண்பர் இல்லாமையே அவன் ஆசையை நிறுத்திற்று.

எல்லா ஆட்டமும் நன்றென்று நாம் சொல்ல வரவில்லை. பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்கள் வேறு. அவை குடும்பங்களை அழித்த கதைகளைத் தமிழ்நாடு நன்கறியும். 2025 ஆகஸ்டில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற நடுவணரசுச் சட்டம் அவற்றுக்குத் தடை விதித்தது. பணமில்லா ஆட்டமும் நோயாகக் கூடும் என்பதை உலக நலவாழ்வு அமைப்பு ஏற்று, 2022 முதல் நடைமுறைக்கு வந்த தன் நோய்ப் பட்டியலில் சேர்த்துள்ளது. ஆனால் பல மணி நேரம் ஆடுவதாலேயே ஒருவன் நோயாளி ஆகிவிடுவதில்லை. கட்டுப்பாடு இழந்து, பிற கடமைகளை ஒதுக்கி, தீங்கு நேர்ந்தும் விடமுடியாத நிலை, வழக்கமாக ஓராண்டளவு நீடித்தால்தான் அப்பெயர் பொருந்தும்.

ஆகவே பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். "எவ்வளவு நேரம் ஆடுகிறாய்?" என்று கேட்பதோடு, "யாரோடு ஆடுகிறாய்?" என்றும் கேளுங்கள். அந்த மூவர் பெயரையும் அறிந்துகொள்ளுங்கள். ஒருநாள் வீட்டுக்கு அழைத்து உணவிடுங்கள். ஒரு சுற்று முடிய இன்னும் எத்தனை நிமிடம் என்று கேட்டு, அதன்பின் அழைத்துப் பாருங்கள். கேரம் ஆடி 1996-இல் அருச்சுனா விருது வென்ற மரிய இருதயம் நம் சென்னைக்காரரே. அந்தப் பலகையைச் சுற்றியும் நால்வர்தாம் அமர்வர். அங்கும் எதிரே அமர்ந்த கூட்டாளிக்காகவே பலர் எழாமல் இருப்பர்.

இறுதியாக நம்மைப் பற்றி. சான்றிதழை வாங்கிக்கொண்டு எழுந்தவன் வாசலில் நின்று, "நீங்க அன்னிக்குத் திட்டினதுக்காக நான் வராம இல்ல, ஃபாதர். பஸ்ஸுக்கு ரொம்ப நேரம் ஆவும். யாராவது கேப்பாங்கன்னு பாத்தேன்" என்றான்.

மூன்றாண்டுகள். அவன் வராத ஞாயிறுகளை நாம் எண்ணவில்லை. மூன்று சிறுவர் இரவுதோறும் ஒன்பது மணிக்கு அவனை எண்ணியிருக்கின்றனர். அடுத்த வாரமே பெரும்பாக்கம் சென்றோம். இங்கிருந்து போன வேறு குடும்பங்களும் அங்கிருக்கக் கண்டோம். ஒரு மூதாட்டி நம் கையைப் பற்றிக்கொண்டு, "வழி தெரிஞ்சுதா, சாமி?" என்று கேட்டார்.

வழி எப்பொழுதும் தெரிந்தே இருந்தது. நாம்தாம் புறப்படவில்லை.