ஜி-மேனுக்கு மேலே யார்?

நவம்பர் 16, 2024, சனி

வேலைக்குப் பிரேக் விட்டுவிட்டார்கள். நைட் ஷிஃப்ட் முடிந்து வெளியே வரும்போது கேட்டிலேயே ஐடி கார்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். கான்ட்ராக்டருக்குப் போன் போட்டேன். "மேல இருந்து சொல்லிட்டாங்கப்பா. தேவைன்னா கூப்பிடுறேன்" என்றார். 24 மாதத்தில் 480 நாள் வேலை பார்த்தவரை நிரந்தரமாக்கச் சொல்லி 1981இலேயே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது. அந்தக் கணக்கு நிறைய விடமாட்டார்கள் என்பது மூக்கண்டப்பள்ளி டீக்கடைகளில் எல்லோருக்கும் தெரியும்.

ரூம் தம்பி லேப்டாப்பில் ஹாஃப்-லைஃப் 2 கேமை இறக்கிக்கொண்டிருந்தான். வெளிவந்து இன்றோடு 20 வருடம். அதற்காக 18ஆம் தேதி வரை இலவசமாம். "படுத்தே கிடக்காதீங்கண்ணா, ஆடுங்க" என்றான்.

நவம்பர் 17

விடியும் வரை ஆடினேன். இருட்டில் முதலில் வருவது ஒரு முகம். நீலக் கோட்டு, டை, கையில் பெட்டி. மூச்சை விட வேண்டாத இடத்தில் விட்டு, அழுத்த வேண்டாத எழுத்தில் அழுத்திப் பேசுகிறார். மனிதர் பேச்சைக் காதால் கேட்டுப் பழகியவர் போல. தூங்க வைத்திருந்த நாயகன் கார்டன் ஃப்ரீமேனை எழுப்பி, எங்கே எதற்கு என்று சொல்லாமல் ஓடும் ரயிலில் இறக்கி விடுகிறார். முதல் பாகத்து ஆய்வுக்கூட விபத்தின்போது சின்னக் குழந்தையாக இருந்த அலிக்ஸ் இதில் வளர்ந்த பெண். அத்தனை வருடம் தான் எங்கே இருந்தோம் என்று ஃப்ரீமேன் கேட்பதில்லை. விளையாட்டு முழுக்க அவன் வாயே திறப்பதில்லை.

நவம்பர் 19

போன் வரவில்லை.

நவம்பர் 22

இன்று தம்பிக்கு வீக் ஆஃப். நாள் முழுக்க அந்த நீலக் கோட்டுக்காரர் ஜி-மேன் பேச்சுதான். அந்தப் பெயரையே கதைக்குள் யாரும் சொல்வதில்லையாம். கம்ப்யூட்டர் கோப்புக்கு வைத்த பெயர், ரசிகர்கள் வாயில் நின்றுவிட்டது. 1998இல் வந்த முதல் பாகத்தில் எட்டாத இடத்தில் நின்று நம்மைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். கடைசியில் வந்து வேலை தருகிறேன் என்பார். சம்மதித்தால் ஒளிவாசலுக்குள் போகலாம். மறுத்தால், ஆயுதம் எதுவும் இல்லாமல் வேற்றுலகப் படை நடுவில் கொண்டுபோய் விடுவார். அங்கே சாவுதான்.

அவர் யார் என்பதற்கு ரசிகர்களிடம் நிறைய ஊகங்கள். வயதாகிக் காலத்தில் திரும்பி வந்த ஃப்ரீமேனே அவர் என்பது ஒன்று. பூமியைப் பிடித்த கம்பைன் படையின் ஆள் என்பது இன்னொன்று. கம்பைனுக்கு ஈடான வேறொரு சக்தியின் தரகர் என்பதுதான் தம்பியின் கட்சி. முதல் ஊகத்தை என்னால் ஏற்கவே முடியவில்லை. வேலை வாங்கப்பட்டவனும் வாங்கியவனும் ஒரே ஆள் என்றாகிவிட்டால் யாரிடம் போய் நியாயம் கேட்பது? இதைக் கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. தம்பி என் முகத்தையே பார்த்தான்.

நவம்பர் 25

ஜூஜூவாடி தாண்டி அத்திப்பள்ளி வரை கேட் கேட்டாகக் கேட்டுப் பார்த்தேன். ஆதார் ஜெராக்ஸ் மட்டும் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள்.

நவம்பர் 28

விளையாட்டின் தொடர்ச்சியான எபிசோட் டூவும் முடிந்தது. 2007இல் வந்தது, அலிக்ஸின் அப்பா ஈலை சாவதோடு நிற்கிறது. அதற்கு முன் அவர் ஒன்று சொல்லிவிடுகிறார்: பிளாக் மேசா ஆய்வுக்கூடத்தை நாசமாக்கிய படிகத்தைக் கொண்டுவந்து கொடுத்ததே இந்தப் பெட்டிக்காரர்தான். அந்த விபத்தை வைத்துத்தான் கம்பைன் பூமிக்கு வந்தது. பிறகு கம்பைனைச் சாய்க்க ஃப்ரீமேனை அனுப்பியதும் இவரே.

மூன்றாவது எபிசோட் வரவே இல்லை. கதை எழுதிய மார்க் லெய்ட்லா 2016இல் விளையாட்டை உருவாக்கிய வால்வ் கம்பெனியை விட்டு விலகினார். அடுத்த வருடம் ஆகஸ்டில், பெயர்களை மாற்றி, தான் யோசித்து வைத்திருந்த முடிவை வெளியிட்டார். அதில் பெட்டிக்காரர் அலிக்ஸை அழைத்துக்கொண்டு போய்விடுகிறார், ஃப்ரீமேன் இனி வேண்டாம். 2020இல் வந்த ஹாஃப்-லைஃப்: அலிக்ஸிலும் முன்பு எடுத்த ஆள் சரியாக வேலை செய்யவில்லை என்று சொல்லித்தான் அவளைப் பிடிக்கிறார். தம்பி வீடியோவில் காட்டினான். எனக்கு ஆத்திரமாக வந்தது. கேட்டதையெல்லாம் செய்தவன் ஃப்ரீமேன்!

என் ஊகத்தையும் எழுதி வைக்கிறேன். தன்னை வேலைக்கு வைத்தவர்களைப் பற்றி ஜி-மேன் வாயாலேயே சொல்கிறார். ஆனால் அவர்களை அவர் நேரில் பார்த்திருக்கவே மாட்டார். எபிசோட் ஒன்னில் வார்டிகான்ட்கள் என்ற வேற்றுலக இனத்தார் அவரை மறித்து நிறுத்தியபோது, அவருக்காக ஒருவரும் வரவில்லை. எபிசோட் டூவில், சில கட்டுப்பாடுகளுக்கு ஒத்துக்கொண்டிருப்பதாக அவரே சொல்கிறார். "அப்போ வில்லன் யாருண்ணா?" என்று தம்பி கேட்டான். பதில் வரவில்லை எனக்கு.

டிசம்பர் 2

எங்கள் ஊர் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை. ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து இவ்வளவு உள்ளே வந்து கொட்டும் என்று யார் நினைத்தார்கள்? பஸ் ஸ்டாண்ட் பக்கம் வேனும் காரும் வெள்ளத்தில் உருண்டு போகிற வீடியோவைப் பார்த்ததிலிருந்து கை நடுக்கம் நிற்கவில்லை. அம்மா போன் சுவிட்ச் ஆஃப். சாயந்தரம் பக்கத்து வீட்டு அக்கா போனிலிருந்து பேசினாள். மாடியில் இருக்கிறாளாம். நல்லா இருக்கேன் என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். விடிந்ததும் கிளம்ப வேண்டும்.

டிசம்பர் 5, ஊத்தங்கரை

கிரைண்டர் குழிக்குள் சேறு இறுகிக்கிடந்தது. தென்னங்குச்சியால் குத்திக் குத்தி எடுத்தேன். அரிசி மூட்டை ஊறிப் புளித்த வாடை வீடு முழுக்க. ரேஷன் கார்டை விசிறிக்குக் கீழே வைத்தால் ஓரம் சுருள்கிறது.

"வேலைக்குப் போகலையா?" என்றாள் அம்மா. லீவு என்றேன்.

"யாரைக் கேட்டு லீவு போட்ட?"

டிசம்பர் 8

கான்ட்ராக்டர் கூப்பிட்டார். "நாளை மறுநாள் செகண்ட் ஷிஃப்ட்டுக்கு வந்துடு. பாகலூர் ரோட்டுப் பக்கம், புது பிளான்ட்."

"கம்பெனி பேர் என்னண்ணா?"

"வந்தா தெரிஞ்சிட்டுப் போவுது. மேல அவசரமாக் கேக்குறாங்க."

"மேலன்னா யாருண்ணா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "எனக்கே ஒரு போன்தான்பா வரும். உனக்கு எதுக்கு அதெல்லாம்? வர்றியா, வேற ஆள் போடட்டுமா?"

சாயந்தரம் சொல்கிறேன் என்றேன். இன்னும் சொல்லவில்லை. மேற்குச் சுவர் அடிவரை ஊறியிருக்கிறது, கையை வைத்தால் மண் உதிர்கிறது. மேஸ்திரி நாளைக்குத்தான் வருகிறார்.