என்மீது எழுதிய பற்று

கணக்கெழுதிப் பழகிய கிராணி எதனையும் பற்று, வரவு என்றே பிரித்துப் பார்ப்பான். நான் என் வயிற்றுக்கும் அப்படியொரு கணக்கு வைத்திருந்தேன். பசியாறலைத் தள்ளினால் வரவு. ஒரு கவளம் கூடினால் பற்று. பகலெல்லாம் பட்டினி கிடப்பேன். இரவில் வீட்டார் உறங்கிய பின்னர், அடுக்களையில் விளக்கேற்றாமல் நின்று, பானைச் சோற்றையும் டின்னிலிருந்த பிஸ்கோத்தையும் ருசியறியாது விழுங்குவேன். நிறுத்த நினைப்பேன், கை நில்லாது. பிறகு குறிப்பேட்டில் "மானங்கெட்டவன், மிருகம்" என்று என்னைப்பற்றி எழுதிவிட்டு, மறுநாளும் பட்டினிக்கு உறுதி பூணுவேன். நான்கு ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன.

என் வாட்டத்தைக் கண்ட உறவினர் திருஷ்டி என்றனர். ஒருவர் மந்திரித்த கயிறு கொணர்ந்தார். கயிற்றை நகைத்துத் தள்ளிய நான், என் ஒழுக்கக்கேடே காரணம் என்னும் மற்றொரு மூடநம்பிக்கையைக் கெட்டியாகப் பற்றியிருந்தேன்.

இறுதியில் மருத்துவரிடம் சென்றேன். லண்டன் மருத்துவர் ஜெரால்ட் ரஸல் 1979-ல் 'புலிமியா நெர்வோசா' எனப் பெயரிட்டு விவரித்த நோயின் ஒரு வகை இஃது என்றார். பட்டினியின் வேலையை விளக்க ஒரு சோதனையையும் எடுத்துரைத்தார். 1944-ம் ஆண்டு இறுதியில், அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்பார் நலம் வாய்ந்த 36 இளைஞரைக்கொண்டு ஓர் ஆராய்ச்சி தொடங்கினார். அவர்கள் 24 வாரம் அரைப் பட்டினியில் வைக்கப்பட்டனர். அவர்தம் நினைவெல்லாம் உணவாயிற்று. பட்டினி முடிந்த பின்னரும் சிலர் எவ்வளவு உண்டும் அடங்கிலர். அவர்கள் மானங்கெட்டவர்களல்லர், கொள்கைக்காகப் போரில் ஆயுதம் ஏந்த மறுத்தவர்கள்.

அறிவு இதனை ஏற்றது, மனம் ஏற்கவில்லை. ஒருநாள் ஆபீஸில் புதிதாய்ச் சேர்ந்த பையன் செக்ரோலைத் தப்பாகக் கூட்டிவிட்டு நடுங்கி நின்றான். "போகட்டும் தம்பி, களைத்திருக்கிறாய், பசியாறிவிட்டு வந்து மறுபடியும் கூட்டிப் பார்" என்றேன். அன்றிரவு அடுக்களையில் அச்சொற்கள் நினைவிற்கு வந்தன. அவனை மிருகமென்று ஏசியிருந்தால், அடுத்த பிழையை அவன் என்னிடம் மறைத்திருப்பான். நானோ என்னை நாள்தோறும் ஏசினேன், நாள்தோறும் மறைத்தேன்.

தன்மீது கருணை என்பது யாது? உளநூல் அறிஞர் கிறிஸ்டின் நெஃப் 2003-ல் அதனை மூன்றாக வகுத்தார்: துன்புறுங்கால் தன்னிடம் கனிவு, குறை மாந்தர்க்குப் பொது என்னும் உணர்வு, வேதனையைப் பெருக்காமலும் மறைக்காமலும் உள்ளவாறு காணுதல். எனக்கு மட்டுமே இக்கதி என்றழும் பரிதாபம் வேறு, இது வேறு.

ஏசுவதை விட்டால் கட்டவிழ்ந்துவிடுவேனோ என்று அஞ்சினேன். நேர்ந்தது வேறு. மருத்துவர் விதித்தபடி மூன்று வேளை உணவும் இடையிடையே சிற்றுண்டியும் உட்கொண்டு, நான்கு மணி நேரத்திற்குமேல் வயிற்றைக் காயவிடாமல் இருந்தேன். தவறிய இரவுக்கு மறுநாள் தண்டனையில்லை, வழக்கம்போல் பசியாறல்தான். அத்தகைய இரவுகள் அரிதாயின. முற்றும் ஒழிந்தன என்று சொல்வதற்கில்லை.

பிறர் நம்மை இழித்துரைத்தால் பொறோம். சுயமரியாதை என்று மேடையில் முழங்குகிறோம். நம்மை நாமே இழித்துரைப்பதை மட்டும் ஒழுக்கமென்று எண்ணலாமா? தோட்டத்திலும் பட்டணத்திலும் இவ்விதம் இருளில் நிற்கும் தம்பி தங்கையர் இருக்கக்கூடும். அவர்களுக்கு ஒன்று சொல்வேன்: மருத்துவரிடம் செல்லுங்கள், பசியாறிவிட்டுச் செல்லுங்கள்.