மீட்டர் ஸ்விட்சை அணைத்தால் வீடு காலியாகிவிடுமா?

2023 செப்டம்பர் 2, சனிக்கிழமை. பிராஞ்சில் கேஷ் டேலி ஆகாமல் லேட்டாகி, மயூர் விஹார் வீட்டுக்கு வந்து ஷூவைக்கூடக் கழற்றவில்லை, போன் அடித்தது. அக்கா பையன். முகர்ஜி நகரில் ரூம் எடுத்து ஐஏஎஸ்ஸுக்குப் படித்துக்கொண்டிருந்தான். 15-ஆம் தேதி மெயின்ஸ்.

"மாமா, ஓனர் கரண்டை ஆஃப் பண்ணிட்டார். நாளைக்குள்ள காலி பண்ணலைன்னா சாமானை எல்லாம் தெருவுல வச்சிடுவேங்கிறார்."

டெல்லியில் செப்டம்பர் புழுக்கம் எப்படி இருக்கும் என்று இங்கே குப்பை கொட்டுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. என் வீட்டம்மா, "பேசாம இங்க கூட்டிட்டு வந்துடுங்களேன்" என்றார். அவனோ மாட்டேன் என்கிறான். அவன் லைப்ரரி, டெஸ்ட் சீரிஸ், கூடப் படிக்கிற பசங்க எல்லாம் அங்கேதான். 13 நாளில் பரீட்சையை வைத்துக்கொண்டு மூட்டை கட்டினால் ஒரு வருஷம் போச்சு. அட்டெம்ப்டும் போச்சு. அக்காவுக்குச் சொல்லவே இல்லை. சொன்னால் ராத்திரியே ரயிலேறிவிடும்.

இதில் என் தப்பும் உண்டு. 11 மாச அக்ரிமென்ட் ஜூன் மாசமே முடிந்துவிட்டது. "ரினியூ பண்ணட்டுமா மாமா" என்று அவன் கேட்டபோது, "மெயின்ஸ் முடியட்டும்டா, பார்த்துக்கலாம்" என்றேன். ஓனர் இப்போது அதைத்தான் பிடித்துக்கொண்டார். அக்ரிமென்ட் இல்லை, அதனால் உரிமையும் இல்லை என்று.

(நம்மைப் போன்ற பேங்க் ஆபீசர்களுக்கு இதெல்லாம் தெரியாது. வீட்டை பேங்க் லீஸுக்கு எடுக்கும், நாம் குடி போவோம். ஓனர் முகத்தை வருஷத்துக்கு ஒருமுறை பார்த்தால் அதிகம்.)

மெட்ரோவில் போகும்போதே எங்கள் பிராஞ்ச் பேனல் வக்கீலுக்குப் போன் போட்டேன். லோன் பத்திரங்களுக்கு லீகல் ஒப்பீனியன் எழுதித் தருகிறவர், பொறுமையானவர். அவர் முதலில் கேட்டது வாடகை எவ்வளவு என்று. 12,000 என்றேன். அப்படியானால் டெல்லி வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் (1958) மறந்துவிடுங்கள், மாச வாடகை 3,500-க்கு மேல் போனால் அது பொருந்தாது என்றார். எனக்குத் திக்கென்றது. இன்றைக்கு டெல்லியில் 3,500-க்கு யார் வீடு தருகிறார்கள்?

அடுத்த கேள்வி: "ஜூனுக்கு அப்புறம் வாடகை வாங்கினாரா? கேஷா, அக்கவுன்ட்டிலா?"

இங்கேதான் எனக்கு உயிர் வந்தது. மூணு மாசமும் யுபிஐ. குறிப்பில் 'ரூம் ரென்ட்' என்று மாசத்தோடு போடச் சொல்லி முதல் நாளே நான்தான் பழக்கியிருந்தேன். வங்கிக்காரன் புத்தி, அவ்வளவுதான். முந்தின நாள், அதாவது செப்டம்பர் 1-ஆம் தேதி போட்ட பணம்கூட அவர் கணக்கில் ஏறியிருந்தது.

வக்கீல் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். குத்தகைக் காலம் முடிந்த பிறகும் ஓனர் வாடகையை வாங்கிக்கொண்டார் என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், அது மாசா மாசம் நீளும் குடித்தனமாகிவிடும். சொத்து மாற்றுச் சட்டம் (1882), பிரிவு 116. அதை முடிக்க எழுத்தில் 15 நாள் நோட்டீஸ் வேண்டும், பிரிவு 106. நோட்டீஸ் கெடு தாண்டினாலும் ஓனரே வந்து பூட்டு போட முடியாது, கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். மீறி வெளியே தள்ளினால், குறிப்பிட்ட பரிகாரச் சட்டம் (1963) பிரிவு 6-ன்படி ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு இடத்தைத் திரும்பப் பிடிக்கலாம். கரண்ட் விஷயத்திலும், அது அடிப்படைத் தேவை, ஓனர் என்.ஓ.சி. தரவில்லை என்று வாடகைக்காரருக்கு இல்லை என்று சொல்ல முடியாது என 2022-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

"ஆனா சார், பையனுக்கு வேண்டியது ஜட்ஜ்மென்ட் இல்லை, 13 நாள். அதைப் பேசி வாங்குங்க" என்று முடித்தார். அந்த மனுஷனுக்கு ஃபீஸ் கொடுத்தால் வாங்கவே இல்லை.

ஜிடிபி நகரில் இறங்கி ரிக்ஷா பிடித்துப் போனேன். பையன் மாடிப்படியில் உட்கார்ந்து மொபைல் வெளிச்சத்தில் படித்துக்கொண்டிருந்தான். அதைப் பார்த்ததும் எனக்கு வந்த கோபத்துக்கு... சரி, விடுங்கள்.

ஓனர் எழுபது வயது பஞ்சாபி. வில்லன் எல்லாம் இல்லை, டீ கொடுத்தார். அவர் அப்பா 1947-ல் அந்தப் பக்கத்திலிருந்து வந்து கிங்ஸ்வே கேம்ப் கூடாரத்தில் இருந்த கதையையும் சொன்னார். மாடியை மொத்தமாக லேடீஸ் பிஜி நடத்துகிற ஒருவருக்குக் கொடுக்கப்போகிறார், கூட ஆறாயிரம் வரும், அதுதான் சங்கதி. "என் வீடு, என் மீட்டர்" என்றார். 112-க்கு அடித்தேன். ஒரு கான்ஸ்டபிள் வந்தார். சிவில் மேட்டர், உங்களுக்குள் பேசிக்கொள்ளுங்கள் என்றார். ஜி20 மாநாட்டுக்கு ஒரு வாரம்தான் இருந்தது, அவர் கவலை அவருக்கு. ஆனால் யூனிஃபார்ம் வாசலில் நின்றதே பாதி வேலையைச் செய்துவிட்டது.

மீதிப் பாதி, பேங்க் ஸ்டேட்மென்ட். சட்டம் பேசினால் பெரியவர் காதைப் பொத்திக்கொள்வார் என்று தெரியும். மூணு என்ட்ரியையும் அவர் பேரோடு காட்டி, "செப்டம்பர் வாடகையை வாங்கிக்கிட்டீங்க அங்கிள்ஜி, செப்டம்பர் முழுக்க அவன் உங்க குடித்தனக்காரன்தானே?" என்று மட்டும் கேட்டேன். வெகுநேரம் போனையே பார்த்தார். ராத்திரி பத்தரைக்குக் கரண்ட் வந்தது. செப்டம்பர் 30-ல் காலி, அதுவரை தொந்தரவு இல்லை, அட்வான்ஸ் சாவி கொடுக்கும்போது என்று ஒரு வெள்ளைத் தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

பிஜியில் இருக்கிற பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒன்று. இந்த வாதம் உங்களுக்கு அப்படியே செல்லாது. பிஜி பெரும்பாலும் சட்டத்தின் கண்ணில் குத்தகை இல்லை, தங்கிக்கொள்ள அனுமதி மட்டும்தான். பிடிமானம் ரொம்பக் குறைவு. சேரும்போதே நோட்டீஸ் எத்தனை நாள், அட்வான்ஸ் எப்போது திரும்பும் என்று எழுதி வாங்கிவிடுங்கள்.

கடைசி மெட்ரோவைப் பிடித்துத் திரும்பினேன். ஜெயித்த சந்தோஷம் ராஜீவ் சௌக் வரைக்கும்தான் இருந்தது. அங்கே மாறுவதற்காக நிற்கும்போது திருவானைக்காவல் வீடு ஞாபகம் வந்தது. 2018. எங்கள் மாடி போர்ஷனில் இரண்டு இன்ஜினியரிங் பசங்கள். ராத்திரியெல்லாம் சத்தம், போகச் சொன்னால் செமஸ்டர் முடியட்டும் என்கிறார்கள் என்று அம்மா போனில் புலம்பினார். நான் இங்கே சீட்டில் உட்கார்ந்துகொண்டே சொன்னேன்: "மோட்டார் போடாதீங்கம்மா, தானா போயிடுவாங்க." மூணாம் நாள் போய்விட்டார்கள். பெயின்ட் அடிக்க என்று அட்வான்ஸில் 4,000 பிடித்தோம்.

மறுநாள் காலையில் அம்மாவிடம் அந்தப் பசங்கள் நம்பர் பழைய டைரியில் இருக்கிறதா என்று கேட்டேன்.

"இப்ப எதுக்குடா அது?" என்றார்.