கழற்றுவதற்கு முன்

மேட்டுப்பாளையம் ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து ஐம்பது கிலோமீட்டர் ஏறினால் ஊட்டி, 2,240 மீட்டர். குன்னூர் போய்ச் சேர்வதற்குள் 14 கொண்டை ஊசி வளைவுகள். மே மாத சீசனில் குன்னூர் வழியாக ஏற்றம், கோத்தகிரி வழியாக இறக்கம் என்று ஒருவழியாக்கிவிடுவார்கள். அப்படியும் வண்டிகள் நின்று நின்றுதான் ஏறும். சமவெளியிலேயே ஓட்டிப் பழகியவர்கள், ஏற்றத்தில் வண்டி பின்னால் உருண்டுவிடக் கூடாதென்று ஹேண்ட் பிரேக்கைத் தொடாமல், கிளட்சைப் பாதி மிதித்து ஆக்சிலேட்டரும் கொடுத்துக்கொண்டு நிற்பார்கள். பிளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவில் இருக்கும் கிளட்ச் பிளேட் அப்போது முழுசாகப் பிடிப்பதும் இல்லை, விடுவதும் இல்லை, தேய்ந்துகொண்டே இருக்கும். கொஞ்ச நேரத்தில் காருக்குள் கருகல் வாடை வரும்.

அப்படி வரும் வண்டிகளைப் பார்க்கும் ஒரு பட்டறைக்குத்தான் போயிருந்தேன். தகரக் கூரை, இரண்டு வண்டி நிற்கும் இடம், ஒரு மெக்கானிக், அவரிடம் வேலை பழகும் ஒரு பையன்.

சின்னக் கார் ஒன்று வந்தது. கியர் விழவில்லை, ரிவர்ஸ் போட்டால் கரகரவென்று கத்துகிறது. வழியில் காட்டிய இடத்தில் கிளட்ச் செட்டையே மாற்றச் சொல்லிவிட்டார்களாம். மெக்கானிக் ஸ்பேனரை எடுக்கவில்லை. ஜன்னலோரம் குனிந்து நின்றார்.

“எஞ்சினை அணைச்சுட்டுப் போட்டுப் பாருங்க. விழுதுங்களா?”

“லேசா விழுதுங்க.”

“இப்ப ஸ்டார்ட் பண்ணிப் போடுங்க.”

“மாட்டேங்குதுங்க.”

இந்த இரண்டு பதிலில் பாதி வேலை முடிந்தது. எஞ்சின் நிற்கும்போதும் இறுக்கம் இருந்தால், கியர் கம்பியையோ கேபிளையோ கியர்பாக்ஸின் உள்ளேயோ சந்தேகப்பட வேண்டும். ஓடும்போது மட்டும் இறுக்கம் என்றால், மிதித்தும் கிளட்ச் எஞ்சினை விட்டுப் பிரியவில்லை என்று அர்த்தம். அடுத்து, “கிளட்சை நாலஞ்சு தடவ விட்டு விட்டு மிதிச்சுட்டுப் போடுங்க” என்றார். விழுந்துவிட்டது. பிளேட்டில் கோளாறு இருந்தால் இப்படி மிதித்து மிதித்துச் சரியாகாது. ஆயில் அழுத்தம்தான் குறைகிறது. பையன் டார்ச்சோடு அடியில் புகுந்து பார்த்தான். கியர்பாக்ஸ் பக்கத்தில் இருக்கும் கிளட்ச் சிலிண்டர் ஈரமாகக் கசிந்திருந்தது. நல்லவேளை, இந்த வண்டியில் அது வெளியே இருக்கிறது. உள்ளே வைத்திருக்கும் மாடலென்றால் கியர்பாக்ஸை இறக்காமல் தொடவே முடியாது.

சிலிண்டரை மாற்றி, ஏர் எடுத்து, வண்டியை ஓட்டிப் பார்த்துக் கொடுத்தார். வண்டிக்காரர் கூலியில் குறைக்கச் சொன்னார். கொஞ்ச நேர வேலைதானே என்றார். மெக்கானிக்கும் குறைத்துக்கொண்டார். எனக்கு அது பொறுக்கவில்லை. பேசாமல் கியர்பாக்ஸை இறக்கி கிளட்ச் செட்டைப் போட்டிருந்தால் இதைவிடப் பல மடங்கு பில் வந்திருக்கும், அதையும் மறுபேச்சில்லாமல் கொடுத்திருப்பார்கள். ஒரு நாள் வேலையை மிச்சப்படுத்தியதற்காக இவருக்குக் கூலி குறைகிறது. கோளாறைக் கண்டுபிடித்ததற்கென்று பில்லில் முதல் வரியாக ஒரு தொகை இருக்க வேண்டும். கேட்டால், “பார்த்ததுக்கெல்லாம் யாருங்க தர்றாங்க?” என்கிறார்.

மத்தியானம் வந்த வண்டியில் சந்தேகமே இல்லை, வாடையே சொல்லிவிட்டது. ஆனாலும் சோதித்தார். ஹேண்ட் பிரேக்கை இறுக்கி, மூன்றாவது கியரில் போட்டு, கிளட்சை மெல்ல விட்டார். பிளேட் நன்றாகப் பிடித்தால் எஞ்சின் அணைந்துவிட வேண்டும். இது அணையாமல் இரைந்துகொண்டே இருந்தது. ஒரே ஒரு முறைதான் செய்தார். திரும்பத் திரும்பச் செய்தால் மிச்சமிருக்கும் பிளேட்டும் கருகிவிடும்.

கியர்பாக்ஸை இறக்குவது உடம்பு வேலை. முன் ஆக்சில்களை உருவி, போல்ட்டுகளைக் கழற்றி, ஒருவர் அடியில் படுத்து நெஞ்சுக்கு மேலே அந்தக் கனத்தைத் தாங்கி இறக்க வேண்டும். இறக்கியதும் உள்ளே முழுக்கக் கருப்புத் தூள். பல பட்டறைகளில் அதை கம்ப்ரஸர் காற்றால் ஊதித் தள்ளுவார்கள். இவர் ஈரத் துணியால்தான் துடைக்கிறார், பையனையும் ஊத விடுவதில்லை. பழைய கிளட்ச் பிளேட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும். அந்தத் தூள் நுரையீரலுக்குள் போனால் பல பத்தாண்டுகள் கழித்துக்கூடப் புற்றுநோய் வரலாம். மலிவாக வாங்கும் பிளேட்டில் என்ன கலந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடியாது. இத்தனை பட்டறைகளில் இத்தனை பையன்கள் முகமூடி இல்லாமல் அந்தத் தூளைச் சுவாசிப்பதை நாம் ஒரு பிரச்சினையாகவே பேசுவதில்லை.

பிளைவீலிலும் நீலம் பாய்ந்த திட்டுகள் இருந்தன, சூடேறிய தடம். அதை அப்படியே விட்டால் புதுப் பிளேட் போட்டும் வண்டி எடுக்கும்போது உதறும். லேத்துக்கு அனுப்பிவைத்தார்.

சாயந்திரம் ஒரு பழைய வேன் வந்தது, நியூட்ரலில் நிற்கும்போது உறுமல் சத்தம். பையன் உடனே, “ரிலீஸ் பேரிங்ண்ணா” என்றான்.

“மிதிச்சா வருதா, விட்டா வருதா?”

பையன் ஏறி உட்கார்ந்து மிதித்தான், விட்டான், மறுபடி மிதித்தான்.

“விட்டாத்தான் வருதுண்ணா. மிதிச்சா நின்னுருது.”

“ரிலீஸ் பேரிங்னா மிதிச்சாத்தானே கத்தணும்?”

“அப்ப கியர்பாக்ஸ் பேரிங்.”

“ஆயில் இருக்குதான்னு முதல்ல பாரு. அப்புறம் வண்டிக்காரருகிட்டச் சொல்லு.”